இம்ப்ளான்ட் எலும்பைக் காக்கும் கருவிகள்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

பல் போன இடத்தில் எலும்புக்குள் ஊன்றும் டைட்டானியத் திருகுக்குத்தான் இம்ப்ளான்ட் என்று பெயர்; அதை வைத்துக்கொண்டவர்களுக்கென்றே பராமரிப்புப் பெட்டிகள் விற்கிறார்கள். உள்ளே பெரும்பாலும் ஐந்தாறு சாமான்: பல் இடுக்கில் நுழைக்கும் இன்டர்டென்டல் பிரஷ் இரண்டு மூன்று, ஒற்றைக் குஞ்சம் வைத்த சின்ன பிரஷ், பஞ்சு போலத் தடித்த ஃப்ளாஸ், ஒரு மவுத்வாஷ், ஒரு ஜெல். நீர்த்தாரை பீய்ச்சும் வாட்டர் ஃப்ளாசரைத் தனியாக வாங்க வேண்டும். கிளினிக்குகள் தங்கள் பங்குக்கு வருடாந்தரப் பராமரிப்புத் தொகுப்பு ஒன்றை வைத்திருக்கின்றன. இவை எல்லாவற்றையும் இங்கே ஒரே கேள்வியை வைத்து எடைபோட்டிருக்கிறோம்: கிரவுனின் (இம்ப்ளான்ட் மேல் மாட்டும் செயற்கைப் பல்லின்) விளிம்பும் ஈறும் சந்திக்கும் அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளையத்தை இது எட்டுகிறதா? பளபளப்பு, வாசனை, ஈறு மசாஜ் எல்லாம் கணக்கில் இல்லை.

இயற்கைப் பல்லின் வேரில் ஈறின் நார்கள் குறுக்காக வந்து ஊன்றியிருக்கும். டைட்டானியத்தில் அப்படி ஊன்ற முடியாது. நார்கள் அதை ஒட்டி, அதற்கு இணையாகவே ஓடுகின்றன. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் தசைநார்த் திசுவும், அது கொண்டுவரும் ரத்த ஓட்டமும் இங்கே கிடையாது. ஆகவே பாக்டீரியாப் படலம் விளிம்பில் தங்கிவிட்டால் வீக்கம் சுலபமாகக் கீழே எலும்பை நோக்கிப் பரவும். மூன்று வாரம் துலக்காமல் விட்டு, பிறகு மூன்று வாரம் ஒழுங்காகத் துலக்கச் சொல்லிச் செய்த ஆய்வில், இம்ப்ளான்ட்டைச் சுற்றிய ஈறு முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. ஈறு மட்டும் வீங்கித் தொட்டால் ரத்தம் கசியும் கட்டத்துக்கு மியூகோசைட்டிஸ் என்று பெயர், இதைத் திருப்பிவிடலாம். எலும்பும் கரையத் தொடங்கினால் அது பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். அங்கே பெரும்பாலும் கரைவதை நிறுத்தத்தான் முடியும், போன எலும்பு தானாகத் திரும்பாது. கரைவதும் ஒரே சீராக நடப்பதில்லை, போகப் போக வேகம் பிடிக்கும். வலி இல்லாமலே இவ்வளவும் நடக்கலாம் என்பதுதான் இதில் வில்லங்கம்.

இன்டர்டென்டல் பிரஷ்

பெட்டியில் இருப்பவற்றில் தயங்காமல் பணம் கொடுக்க வேண்டிய சாமான் இது. படலம் பசைபோல ஒட்டியிருப்பது. அதை இழை தொட்டுத் தேய்த்தால்தான் வரும், இந்த பிரஷ் அதைச் செய்கிறது. ஆனால் அளவு தப்பினால் காசு வீண்.

நிறத்தைப் பார்த்து வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. ஒரு கம்பெனியின் நீலமும் இன்னொரு கம்பெனியின் நீலமும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஓ. 16409 தரத்தின்படி 0 முதல் 8 வரை ஓர் எண் உண்டு. அந்த பிரஷ் சேதமின்றி நுழையக்கூடிய மிகச் சிறிய துளையின் விட்டத்தை வைத்துக் கொடுப்பது அது. கம்பெனி மாற்றும்போது ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். அட்டையில் மில்லிமீட்டர் கணக்கு அச்சிட்டிருந்தால் அது கம்பியின் தடிமனா, துளையின் விட்டமா, இழைகளின் முழு அகலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் வெவ்வேறு.

சரியான அளவு என்றால் கம்பி எங்கும் உரசாது, இழைகள் இரண்டு பக்கமும் லேசாக மடங்கும், கைக்குச் சிறு எதிர்ப்பு தெரியும். வழுக்கிக்கொண்டு போனால் அடுத்த அளவு பெரியது வேண்டும். தள்ளும்போது கம்பி வளைந்தால் ஒரு அளவு இறங்குங்கள். ஒரே இம்ப்ளான்ட்டின் முன்பக்க இடைவெளிக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு வேறொன்று தேவைப்படுவது சகஜம். கலப்பு அளவுகள் உள்ள பொட்டலம் ஒன்றை முதலில் வாங்கி, கிளினிக்கில் பொருத்திப் பார்த்துவிட்டு, பிறகு தேவையான அளவை மட்டும் வாங்குவது லாபம்.

கடைவாயில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே வைக்கும் இம்ப்ளான்ட் சுமார் 4, 5 மி.மீ. விட்டம்தான், மேலே உட்காரும் கிரவுனோ 10 மி.மீ. அகலம். காம்பின் மேல் விரிந்த குடை மாதிரி கிரவுனின் வயிறு வெளியே தள்ளி நிற்கும். இடைவெளியின் வாசலில் சரியாகப் பொருந்தும் பிரஷ், உள்ளே அந்தக் குடைக்கு அடியில் எதையும் தொடாமல் போய்வரலாம். அதனால் கன்னத்தின் பக்கமிருந்து நுழைத்து, இழைகளை இம்ப்ளான்ட் மேல் சாய்த்து, நான்கைந்து முறை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். பிறகு நாக்குப் பக்கமிருந்தும் அதையே செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்பவர்களுக்கு மறுபக்க மூலையில்தான் காரை (கல்லாக இறுகிய படலம்) கட்டுகிறது. கைப்பிடி நீளமாக, கழுத்து வளைந்திருக்கும் வகை கடைவாய்க்கு வசதி. முன்பற்களுக்கு நேரான குட்டைப் பிடியே போதும்.

கம்பிக்குப் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் எஃகுக் கம்பி டைட்டானியத்தைக் கீறும், கீறலில் படலம் இன்னும் உறுதியாக உட்காரும். நுனியில் பூச்சு உரிந்து கம்பி மினுங்கினாலோ, இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ தூக்கிப் போட்டுவிட வேண்டும். பேஸ்ட் தொட்டுத் தேய்க்க அவசியமில்லை, தண்ணீரில் நனைத்தால் போதும். ஒரு நாளுக்கு ஒருமுறை, தூங்கப் போகும் முன்.

தொடங்கிய முதல் சில நாள் ரத்தம் வரும். பயந்துபோய் அத்தோடு நிறுத்துபவர்களே அதிகம். ஏற்கெனவே இருக்கும் வீக்கம்தான் கசிகிறது; சரியாகச் செய்துவந்தால் குறையும். இரண்டு வாரம் தொடர்ந்து செய்தும் அதே இடத்தில் ரத்தம் வருகிறதென்றால், அங்கே பிரஷ் எட்டாத ஏதோ இருக்கிறது.

எந்த அளவு பிரஷும் நுழையவே இல்லையா? அப்போது பிரஷ்ஷைக் குறை சொல்லிப் பயனில்லை, கிரவுனின் வடிவம்தான் குற்றவாளி. இம்ப்ளான்ட்டிலிருந்து கிரவுன் விரியும் கோணம் 30 டிகிரியைத் தாண்டினால் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் கூடுதலாகக் காணப்படுகிறது என்று 2018இல் வந்த ஆய்வு காட்டியது. ஈறின் மேல் சேணம்போட்டு உட்காரும் கிரவுன்களும், நடுவில் வழியே விடாமல் ஒட்டிச் செய்த இரட்டைக் கிரவுன்களும் இந்த வகை. ஸ்குரூவில் பொருத்திய கிரவுனாக இருந்தால் கழற்றி, அடியைக் குறைத்து, பாலிஷ் போட்டு மாட்டிவிடலாம். சிமென்ட்டில் ஒட்டியதாக இருந்தால் அது பெரிய வேலை. கிரவுன் வைக்கும் நாளிலேயே பிரஷ் நுழைகிறதா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும்.

ஒற்றைக் குஞ்ச பிரஷ்

விலையும் குறைவு, வேலையும் சுத்தம். குஞ்சத்தை ஈறு விளிம்பில் வைத்து, இம்ப்ளான்ட்டைச் சுற்றி மெதுவாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கீழ்த்தாடையில் நாக்குப் பக்கமும், கடைசி இம்ப்ளான்ட்டின் பின்சுவரும் சாதாரண பிரஷ்ஷுக்கு எட்டாது, அந்த இரண்டு இடங்களுக்காகவே இதை வாங்கலாம். மென்மையான இழையாக இருக்கட்டும். இம்ப்ளான்ட்டைச் சுற்றி அசையாத கெட்டி ஈறு 2 மி.மீ.க்கும் குறைவாக உள்ளவர்களுக்குத் துலக்கும்போது எரியும், எரிவதால் அந்த இடத்தைத் தவிர்ப்பார்கள். அவர்களுக்கு மிக மென்மையான இழை அவசியம். அதுவும் சரிப்படாவிட்டால் அங்கே ஈறு ஒட்டு வைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

வாட்டர் ஃப்ளாசர்

விளம்பரம் அளவுக்கு இல்லை, ஆனால் ஒதுக்கவும் கூடாது. தளர்ந்த உணவுத் துகளையும் புதிதாகப் படிந்ததையும் நீர்த்தாரை அடித்துக்கொண்டு போகும். இறுகிப்போன படலத்தை முழுதாக எடுக்காது. 2013இல் வந்த 30 நாள் ஆய்வு ஒன்றில் ரத்தக்கசிவு குறைந்த இம்ப்ளான்ட்கள் வாட்டர் ஃப்ளாசர் பயன்படுத்தியவர்களிடம் 81.8 சதவீதம், நூல் ஃப்ளாஸ் பயன்படுத்தியவர்களிடம் 33.3 சதவீதம். இந்த எண்ணைத்தான் எல்லா விளம்பரத்திலும் பார்க்கிறோம். ஆனால் அந்த ஆய்வு அளந்தது கசிவை, எலும்பை அல்ல. ஒப்பிட்டது நூலோடு, இன்டர்டென்டல் பிரஷ்ஷோடு அல்ல. நூலை முறையாகப் போடுபவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் அந்த வித்தியாசத்தின் ஒரு பகுதி புரிந்துவிடும்.

முழுத் தாடைக்கும் நான்கு, ஆறு இம்ப்ளான்ட் மேல் நிற்கும் பிரிட்ஜ் (ஒன்றாகச் சேர்ந்த செயற்கைப் பல்வரிசை) உள்ளவர்கள், விரல் பிடிமானம் குறைந்தவர்கள் இதை வாங்கத்தான் வேண்டும். சக்தி கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கட்டும். மேஜை மாடல்கள் சிலவற்றில் நீரின் அழுத்தத்தை 10 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை வைக்கலாம். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, வலியில்லாத வரை ஏற்றுங்கள். நுனியை ஈறுக்குச் செங்குத்தாக, விளிம்பை ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே பை, அதாவது ஈறுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு, ஆழமாகியிருக்கும் இடத்தில் அதிக அழுத்தத்தோடு கீழ்நோக்கிப் பீய்ச்சாதீர்கள். ஈறுக்கடியில் கழுவ மிருதுவான ரப்பர் நுனி தனியாக வருகிறது, அதைக் குறைந்த அழுத்தத்தில்தான் வைக்க வேண்டும். குஞ்சம் வைத்த நுனி பிரிட்ஜுக்கு அடியில் நன்றாக வேலை செய்கிறது. கையடக்க மாடல்களின் தொட்டி சிறியது. முழு வாய் முடிவதற்குள் தீர்ந்துபோய், பாதியில் நிறுத்திவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. மேஜை மாடல் இடத்தை அடைத்தாலும் அதுவே மேல். தொட்டியில் மிச்சத் தண்ணீரைத் தேக்கிவைக்காமல் கொட்டிக் காயவிடுங்கள்.

ஃப்ளாஸ்

இதில்தான் பெட்டி தயாரிப்பவர்கள் கவனமில்லாமல் இருக்கிறார்கள். இம்ப்ளான்ட்டின் உடம்பு வேண்டுமென்றே சொரசொரப்பாகச் செய்யப்பட்டது, எலும்பு பிடித்துக்கொள்வதற்காக. எலும்பு சற்றே இறங்கி அந்தச் சொரசொரப்பு வெளியே தெரிந்தால், அதன்மேல் இழுக்கும் ஃப்ளாஸ் பிய்ந்து, முடியைவிட மெல்லிய நார்கள் இம்ப்ளான்ட்டின் திருகு மரைகளில் சிக்கிக்கொள்ளும். வீக்கம் ஆறாமல் இழுத்துக்கொண்டே போன பத்து நோயாளிகளிடம் இப்படிச் சிக்கிய நார்களைக் கண்டதாக 2016இல் ஒரு கட்டுரை வந்தது. நாரை எடுத்துச் சுத்தம் செய்தபின் பெரும்பாலானவர்களுக்கு நிலைமை தேறியது. ஆகவே மரை வெளியே தெரிகிறதென்று மருத்துவர் சொன்ன இம்ப்ளான்ட்டில் ஃப்ளாஸ் வேண்டாம். வழவழப்பான கிரவுன், பிரிட்ஜின் அடிப்பக்கம் ஆகிய இடங்களுக்குத் தடித்த பஞ்சு ஃப்ளாஸ் பரவாயில்லை. விரைப்பான முனையை நுழைத்து, பஞ்சுப் பகுதியை இரு பக்கமும் இழுத்து, வெளியே எடுத்தபின் இழை பிய்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பிய்ந்திருந்தால் உள்ளே கூர்மையான விளிம்போ சிமென்ட் துண்டோ இருக்கலாம்.

மவுத்வாஷ், ஜெல் விஷயம் சுருக்கமானது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ், வீக்கம் இருக்கும்போது இரண்டு வாரம் வாக்கில், மருத்துவர் சொன்னால் மட்டும். நீடித்தால் பல் பழுப்பாகும், நாக்குச் சுவை மாறும். சாதாரண ஃப்ளூரைடு பேஸ்ட்டால் பிரச்சினை இல்லை. அமிலத்தன்மை கொண்ட அதிக ஃப்ளூரைடு ஜெல் டைட்டானியத்தை அரிக்கக்கூடியது, அது வேண்டாம். வெண்மைக்கென்று விற்கும் கரகர பேஸ்ட்டும் வேண்டாம். மின்சார பிரஷ் தாராளமாகப் பயன்படுத்தலாம், இம்ப்ளான்ட் ஆடிவிடும் என்பது கட்டுக்கதை.

கிளினிக்கின் பராமரிப்புத் தொகுப்பு

இதற்குக் கொடுக்கும் பணம் பிரஷ்ஷுக்கு அடுத்தபடி நல்ல முதலீடு, உள்ளே செய்ய வேண்டியதைச் செய்தால். ஏற்கெனவே மியூகோசைட்டிஸ் இருந்த 80 பேரை ஐந்தாண்டு கவனித்து 2012இல் வெளியிட்ட பிரேசில் ஆய்வில், தடுப்புப் பராமரிப்புக்கு வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும், வராதவர்களில் 43.9 சதவீதம் பேருக்கும் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் வந்திருந்தது.

கண்ணாடியை வைத்துப் பார்த்து, பாலிஷ் போட்டு அனுப்பினால் அது பராமரிப்பு ஆகாது. முதலில் புரோப், அதாவது பையின் ஆழத்தை அளக்கும் மெல்லிய கருவி. இம்ப்ளான்ட்டைப் புரோப்பால் தொடக்கூடாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள், அது காலாவதியான கருத்து. சுமார் 0.2 நியூட்டன் அழுத்தத்தில், அதாவது 20 கிராம் எடையளவு மெதுவாக, சுற்றிலும் ஆறு புள்ளிகளில் அளக்க வேண்டும். கிரவுனின் வயிறு தள்ளியிருக்கும் இடத்தில் எஃகுப் புரோப் முட்டி நின்று, பை ஆழமே இல்லாத மாதிரிப் பொய்க்கணக்குக் காட்டும். வளையும் பிளாஸ்டிக் புரோப் அங்கே உண்மையைச் சொல்லும். ஆழத்தைத் தனியாக வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. கிரவுன் வைத்தபோது 4 மி.மீ. இருந்து இன்றும் 4 என்றால் சரி. 3 இருந்து 6 ஆகி, ரத்தமும் வந்தால் சரியில்லை. பழைய பதிவே இல்லாதவர்களுக்குப் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் என்று முடிவு செய்ய, ஈறுநோய் வல்லுநர்களின் 2017 உலகப் பணிமனை ஒரு எல்லை வகுத்தது: கசிவு அல்லது சீழ், 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம், எலும்பில் ஊன்றும் பகுதியின் மேல்முனையிலிருந்து 3 மி.மீ. அல்லது அதற்கும் அதிகமாக எலும்பு கீழே இறங்கியிருப்பது. இந்த எல்லைவரை காத்திருங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை.

எக்ஸ்ரே விஷயத்தில் ஏமாறுவது எளிது. கிரவுன் பொருத்திய அன்று ஒன்று, ஒரு வருடம் கழித்து ஒன்று. இந்த இரண்டும் இல்லாவிட்டால் பின்னால் எடுப்பதை எதோடு ஒப்பிடுவது? படத்தில் மரைகள் இரண்டு பக்கமும் கூர்மையாகத் தெரிய வேண்டும். மரைகள் கலங்கி ஒன்றோடொன்று ஒட்டித் தெரிந்தால் கோணம் தவறு, அந்தப் படத்தில் எலும்பின் உயரத்தை அளக்க முடியாது, திரும்ப எடுக்கச் சொல்லலாம். அளப்பதற்கு இம்ப்ளான்ட்டின் நீளமே அளவுகோல். 10 மி.மீ. இம்ப்ளான்ட் படத்தில் 11 ஆகத் தெரிந்தால் மற்ற அளவுகளையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். முதல் வருடம் கழுத்தருகே எலும்பு கொஞ்சம் இறங்கி நிலைகொள்வது இயல்பு. அதற்குப் பின் ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்குள் என்ற 1986ஆம் ஆண்டு அளவுகோலைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தனி ஒருவரின் இரண்டு படங்களில் அவ்வளவு சிறிய வித்தியாசத்தை யாராலும் நம்பகமாக அளக்க முடியாது. பல ஆண்டுப் படங்களை வரிசையாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று: சாதாரண எக்ஸ்ரே இரண்டு பக்கவாட்டு எலும்பைத்தான் காட்டும், கன்னப் பக்கச் சுவரைக் காட்டாது. அதற்காக ஆண்டுதோறும் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுக்கச் சொல்லும் தொகுப்பு வேண்டாம். உலோகத்தின் நிழலில் இம்ப்ளான்ட்டை ஒட்டிய பகுதி கறுத்து, இருக்கும் எலும்பும் இல்லாததுபோலத் தோன்றலாம்.

சுத்தம் செய்யும் கருவி எது என்று கேளுங்கள். காரை சுரண்டும் எஃகு ஸ்கேலர் கீறும். பிளாஸ்டிக் க்யூரெட் (கையால் சுரண்டும் கருவி) கெட்டிக் காரையை எடுக்கத் திணறும், தன் துகள்களையும் விட்டுப்போகும். காரை இருந்தால் டைட்டானியம் க்யூரெட், அல்லது பீக் பிளாஸ்டிக் நுனி மாட்டிய அல்ட்ராசோனிக். படலத்துக்கு கிளைசின் அல்லது எரித்ரிட்டால் பொடியைக் காற்றோடும் தண்ணீரோடும் அடிக்கும் முறை நல்லது. கிளைசின் துகள் சுமார் 25 மைக்ரான், எரித்ரிட்டால் சுமார் 14. கறை எடுக்கப் பயன்படும் வழக்கமான சோடியம் பைகார்பனேட் இவற்றைவிடக் கரடு, இம்ப்ளான்ட்டுக்கு வேண்டாம். ஈறுக்கடியில் தனி நுனி வைத்து ஒரு இடத்துக்கு ஐந்து விநாடி அளவில் அடித்தால் போதும். ஓரிடத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தால் காற்று திசுவுக்குள் புகுந்து முகம் வீங்கும் ஆபத்து, அரிதானாலும், உண்டு.

பெரும்பாலான தொகுப்புகளில் விடுபட்டுப்போவது இயந்திரப் பகுதி. ஸ்குரூ தளர்ந்து கிரவுன் இம்மியளவு ஆடினாலும் இணைப்பிடுக்கில் பாக்டீரியா குடியேறும். கிரவுனுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே தொடுபுள்ளி விட்டுப்போவது இன்னும் சாதாரணம். இயற்கைப் பல் காலப்போக்கில் மெல்ல நகரும், இம்ப்ளான்ட் நகராது. குறிப்பாக முன்பக்க இடைவெளியில் உணவு சிக்கத் தொடங்கும். 'முன்பெல்லாம் இங்கே கீரை மாட்டாது' என்று நோயாளி சொன்னால் ஒரு ஃப்ளாஸை நுழைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிமென்ட்டில் ஒட்டிய கிரவுன் என்றால், விளிம்புக்குக் கீழே வழிந்து இறுகிய சிமென்ட் துணுக்கு இருக்கிறதா என்று தேட வேண்டும். கடுகளவு போதும், அதைச் சுற்றி எலும்பு கிண்ணமாகக் குழியும். விளிம்பு ஈறுக்கடியில் ஆழமாகப் போகப் போக அதைச் சுத்தமாக எடுப்பது கடினம் என்பதால், ஸ்குரூவில் மாட்டும் கிரவுனுக்கே எங்கள் ஓட்டு.

தொகுப்போடு சேர்த்து விற்கும் லேசர், ஈறு பலப்படுத்தும் ஊசி, 'எலும்பு வளர' கால்சியம் மாத்திரை ஆகியவற்றை நீக்கிவிட்டு விலை கேளுங்கள். இந்த எலும்புக் கரைவு பாக்டீரியாவால் வரும் வீக்கத்தால் நடப்பது, மாத்திரை அதை நிறுத்தாது. ஐரோப்பிய ஈறுநோய் கூட்டமைப்பின் 2023 வழிகாட்டுதல் அறுவை இல்லாத சிகிச்சையோடு வழக்கமாக ஆன்டிபயாட்டிக் மாத்திரை சேர்ப்பதையும் பரிந்துரைக்கவில்லை.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? ஈறுநோயால் பல் இழந்தவர், புகைப்பவர், கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர் மூன்று மாதம். மற்றவர்களுக்கு ஆறு மாதம். ஆண்டுக்கணக்கில் கசிவே இல்லாதவருக்கு மருத்துவர் நீட்டிக்கலாம். எல்லாருக்கும் ஒரே இடைவெளி என்று அச்சடித்த தொகுப்பு, ஆபத்தைக் கணக்கிடவே இல்லை என்று பொருள். மியூகோசைட்டிஸுக்குச் சிகிச்சை எடுத்தவரை இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப அழைத்து அளக்க வேண்டும்.

தொகுப்பில் சேரும்போதே ஒரு அட்டை கேட்டு வாங்கிவிடுங்கள்: இம்ப்ளான்ட்டின் கம்பெனி, மாடல், விட்டம், நீளம், கிரவுன் ஸ்குரூவா சிமென்ட்டா, ஸ்குரூவை எத்தனை நியூட்டன் சென்டிமீட்டரில் முறுக்கினார்கள், கிரவுன் வைத்த அன்றைய ஆறு புள்ளி ஆழங்கள், அந்த நாளின் எக்ஸ்ரே நகல். ஊர் மாறிப்போய் ஸ்குரூ தளர்ந்தால், அடுத்த மருத்துவர் எந்த டிரைவரை எடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக மாட்டிப்பார்த்து, ஸ்குரூவின் தலையைத் தேய்த்துவிடுவது இந்த அட்டை இல்லாததால்தான்.